எஞ்சின் மாற்றிய டர்போ காரில் கால் மைல் நேரத்தைக் குறைக்க: பெரிய டர்போ வாங்கும் முன் டைம் ஸ்லிப்பைப் படியுங்கள்

ஒருவர் அனுப்பிய கேள்வி சுருக்கமாக இது. பின்சக்கரத்தில் ஓடும் எஸ்13 நிசான் 240எஸ்எக்ஸ். அதில் வந்த டர்போ இல்லாத 2.4 லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு எஸ்ஆர்20டிஇடி என்ற நிசான் டர்போ எஞ்சினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றியிருக்கிறார். டர்போ ஏற்கெனவே ஒருமுறை பெரிதாக்கப்பட்டது, பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம்) 1 பார். ஓட்டுநரோடு சேர்த்து எடை 1,315 கிலோ. ரோட்டில் ஓட்டும் அதே டயரோடு டிராக் ஸ்ட்ரிப் என்னும் நேர்கோட்டுப் பந்தயப் பாதைக்குப் போனதில் 13.62 வினாடி, முடிவில் மணிக்கு 112 மைல் (180 கிமீ) வேகம். “அடுத்து இன்னும் பெரிய டர்போ போட்டால் 12 வினாடி வரிசைக்குப் போய்விடுமா?” என்று கேட்கிறார்.

போட வேண்டாம். இப்போதைக்கு நிச்சயமாக வேண்டாம். 12 வினாடிக் கார் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது, நீங்கள் அனுப்பிய டைம் ஸ்லிப்பே (ஓட்டம் முடிந்ததும் பாதையில் தரும் நேரச்சீட்டு) அதைச் சொல்கிறது.

ஸ்லிப்பில் பலரும் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அதில் இரண்டு வேறு விஷயங்கள் அச்சாகியிருக்கின்றன. ஒன்று, கால் மைலைக் கடக்க எடுத்த நேரம். மற்றது, கோட்டுக்கு முந்தைய 66 அடியில் அளந்த வேகம், அதாவது டிராப் வேகம். வண்டி எடைக்கு எவ்வளவு பவர் இருக்கிறது என்பதை டிராப் வேகம் காட்டும். அந்தப் பவரை நீங்கள் எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்பதை நேரம் காட்டும். புறப்படும்போது டயர் வழுக்கினால் நேரம் பாழாகும், ஆனால் டிராப் வேகம் பெரிதாகக் குறையாது. இழுவைப் பந்தயக்காரர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு: மணிக்கு மைலில் உள்ள டிராப் வேகத்தை வினாடியால் பெருக்கினால், நன்றாக ஓட்டிய வண்டிக்கு 1,363-ஐ ஒட்டி வரும். உங்கள் 112-ஆல் 1,363-ஐ வகுத்தால் 12.17. அதே கணக்கின் மறுபக்கம், உங்கள் எடைக்கு இந்த வேகம் வர எஞ்சினில் ஏறத்தாழ 320 குதிரைத்திறன் வேண்டும் என்கிறது. ரோட்டுக் காரில் 12.17 அப்படியே வந்துவிடாது என்று வைத்துக்கொண்டாலும், 12.5 உங்களுக்கு எட்டாத எண் இல்லை. 13.62 என்றால் ஒரு வினாடிக்கு மேல் எங்கோ ஒழுகிப் போகிறது.

எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம். உங்கள் ஸ்லிப்: 60 அடிக்கு 2.31 வினாடி, 330 அடிக்கு 6.25, அரைக்கால் மைலுக்கு 9.16 (வேகம் 88 மைல்), முழுதுக்கும் 13.62. இதே எடை, இதே பவர் உள்ள வண்டி நல்ல பிடிப்போடு கிளம்பினால் 60 அடி ஏறத்தாழ 1.75, 330 அடி 5.05, அரைக்கால் மைல் 7.8, மொத்தம் 12.2 என்று வரும். துண்டுதுண்டாகக் கழித்துப் பாருங்கள். முதல் 60 அடியில் இழப்பு 0.56 வினாடி. 60-லிருந்து 330 அடிக்குள் இழப்பு 0.64. 330-லிருந்து 660 வரை 0.16. பின்பாதியில் நீங்கள் எடுத்தது 4.46, அந்த வண்டி எடுப்பது 4.4. பின்பாதியில் குறையே இல்லை. பெரிய டர்போ உதவக்கூடிய இடமும் அந்தப் பின்பாதிதான். முன்பாதியில் அது பூஸ்ட் ஏறுவதைத் தாமதமாக்கி, இருக்கிற பிரச்சினையைக் கூட்டத்தான் செய்யும்.

60-க்கும் 330-க்கும் நடுவில் உள்ள 0.64-ஐக் கவனியுங்கள். “லாஞ்ச் (புறப்பாடு) சரியில்லை” என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள், ஆனால் லாஞ்சில் போனதைவிட அதற்கு அடுத்த துண்டில் அதிகம் போயிருக்கிறது. உங்கள் டயரின் சுற்றளவு 1.97 மீட்டர், டிஃபரன்ஷியல் விகிதம் 4.08 என்று வைத்தால், 7,000 ஆர்பிஎம்மில் முதல் கியர் 61 கிமீ வேகத்தில் தீர்ந்துவிடும், இரண்டாவது 107-இல், மூன்றாவது 155-இல். 330 அடியில் நீங்கள் ஏறத்தாழ 105 கிமீ வேகத்தில் இருந்திருப்பீர்கள். ஆக, அந்தத் துண்டு முழுக்க ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் கியர் மாற்றமும் இரண்டாவது கியரும்தான். ஒன்று, மாற்றும்போது காலை எடுத்து பூஸ்ட் விழுகிறது. அல்லது, இரண்டாவதிலும் டயர் சுற்றுகிறது. பெரும்பாலும் இரண்டும்.

டயர் எவ்வளவு தாங்கும் என்பதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிற்கும்போது பின்சக்கரத்தில் எடையில் 45 சதவீதம், ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரம், சக்கர இடைவெளி 2.47 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரோட்டு டயரின் உராய்வு 0.9 என்றால், புறப்படும்போது பின்னால் சாயும் எடையையும் சேர்த்து, வண்டியைத் தள்ளக் கிடைப்பது ஏறத்தாழ 6,400 நியூட்டன். இப்போது எஞ்சின் கொடுப்பது: 380 நியூட்டன் மீட்டர் முறுக்கு, வழியில் 15 சதவீதம் போனாலும், முதல் கியரில் சக்கரத்துக்கு 14,000 நியூட்டன் வருகிறது. இரண்டாவதில் 8,000. மூன்றாவதில் 5,500. முழு பூஸ்டை உங்கள் டயர் தாங்குவது மூன்றாவது கியரில்தான். முதல் கியரில் டயருக்குத் தேவையானது எஞ்சின் முறுக்கில் பாதிகூட இல்லை. பூஸ்டே இல்லாமல் எஞ்சின் கொடுப்பதே அதற்குப் போதும்! முதல் கியரில் 1 பார் பூஸ்ட் ஏற்றிக்கொண்டு கிளம்புவது டயரைத் தேய்க்க மட்டும்தான் உதவும்.

அதனால் முதல் செலவு டயருக்கு. டிராக் ரேடியல், அதாவது இழுவைப் பந்தயத்துக்கான டயர், போட்டு, பிசின் தெளித்துத் தயார் செய்த பாதையில் உராய்வு 1.4 அளவுக்குக் கிடைத்தால், அதே கணக்கில் 11,000 நியூட்டனுக்கு மேல் வந்துவிடும். முதல் கியரில் 80 சதவீத முறுக்கை விடலாம், இரண்டாவதில் முழுதையும் விடலாம். வேறு எதை மாற்றினாலும் இந்தத் தாவல் கிடைக்காது. பிரேக் இடம் கொடுத்தால் 15 அங்குல ரிம்மில் பக்கச்சுவர் உயரமான டயராகப் போடுங்கள். 18 அங்குல ரிம்மில் பட்டை போல ஒட்டிய டயர் வளைவில் அழகாகத் திரும்பும், ஆனால் புறப்படும் அடியை உள்வாங்கிக்கொள்ள அதில் சதை இல்லை. நல்ல டிராக் டயர் கிளம்பும் நொடியில் பக்கச்சுவர் சுருங்கி மடிவதைப் பக்கத்திலிருந்து எடுத்த வீடியோவில் காணலாம். அந்த மடிப்புதான் அடியைத் தணித்து ரப்பரைத் தரையோடு வைத்திருக்கிறது.

காற்று அழுத்தத்தை டிராக் ரேடியலுக்கு 18 பிஎஸ்ஐயில் தொடங்கி, ஒன்று இரண்டாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். ரோட்டு டயரையே வைத்து ஓட்டுவதானால் 25–28. முன் டயரில் 38–40 வைத்தால் உருளும் தடை குறையும். ஓடி முடித்து வந்ததும் டயரைப் பாருங்கள், பாதையில் விட்ட தடத்தையும் பாருங்கள். நடுவில் மட்டும் கருப்பாக இருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் கருத்து நடு வெளிறியிருந்தால் குறைவு. உள்ஓரம் மட்டும் கருப்பாக இருந்தால் காற்றில் கோளாறு இல்லை, கேம்பரில், அதாவது சக்கரத்தின் பக்கச் சாய்வில், இருக்கிறது. இந்த வண்டிகளை டிரிஃப்டுக்காகப் பின்சக்கரம் உள்சாய்த்து வைத்திருப்பது வழக்கம். கிளம்பும்போது பின்புறம் அமுங்கினால் அந்தச் சாய்வு இன்னும் கூடும். பின் கேம்பரைப் பூஜ்யத்தை ஒட்டிக் கொண்டுவாருங்கள். அலைன்மென்ட் செலவு மட்டும்தான், டயரின் முழு அகலமும் தரையைத் தொடும்.

பர்ன்அவுட் பற்றி, அதாவது ஓடும்முன் பின்சக்கரத்தை நின்ற இடத்தில் சுற்றவிடுவது பற்றி, ஒரு வார்த்தை. ரோட்டு டயரோடு தண்ணீர்ப் பெட்டிக்குள் (டயரை நனைக்கத் தண்ணீர் ஊற்றிய இடம்) போகாதீர்கள், சுற்றிக்கொண்டு வாருங்கள். டயரின் பள்ளங்களில் தேங்கும் தண்ணீர் புறப்படும் கோடு வரை சொட்டிக்கொண்டே வரும். கல் மண்ணை உதற ஒரு சிறு சுற்று போதும். டிராக் ரேடியலுக்கும் லேசாகப் புகை கிளம்பும் வரைதான். நீளமாகச் சுற்றினால் ரப்பர் சூடேறி வழவழப்பாகிவிடும்.

பின் சஸ்பென்ஷனில் நான் முதலில் பார்ப்பது சப்ஃபிரேம் புஷ், அதாவது சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர். எஸ்13 240எஸ்எக்ஸ் 1989 முதல் 1994 வரையான மாடல். மாற்றாத ரப்பராக இருந்தால் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அந்த ரப்பர் தொய்ந்திருந்தால் கிளம்பும்போது சப்ஃபிரேமே முறுக்கிக்கொண்டு திரும்பி அடிக்கும், சக்கரம் தத்தும். தத்தல் நேரத்தை மட்டும் தின்பதில்லை, ஆக்ஸிலையும் டிஃபரன்ஷியல் பற்களையும் உடைப்பது பெரும்பாலும் அதுதான். தத்துகிறது என்று காலில் உணர்ந்தால் உடனே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிடுங்கள், அந்த ஓட்டம் போகட்டும். இறுக்கமான புஷ் போடுங்கள். காயில்ஓவரில் (ஸ்பிரிங்கும் டாம்பரும் சேர்ந்த அமைப்பு) முன்பக்க ரீபவுண்டை, அதாவது ஸ்பிரிங் நீள்வதைத் தடுக்கும் இறுக்கத்தை, தளர்த்தினால் மூக்கு எழுந்து எடை பின்னால் போகும். முன் ஆன்டி ரோல் பார் (வண்டி வளைவில் சாய்வதைத் தடுக்கும் கம்பி) கழற்ற எளிதாக இருந்தால் ஸ்ட்ரிப் நாளில் ஒருபக்க இணைப்பைக் கழற்றிப் பாருங்கள், ரோட்டுக்குத் திரும்பும் முன் மறக்காமல் மாட்டுங்கள். டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் மட்டும் கோடு போட்டிருந்தால் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்) செத்துவிட்டது என்று அர்த்தம். கிளட்ச் வகை எல்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

விகிதத்தைப் பற்றியும் யோசிக்கலாம். எஞ்சின் மாற்றிய கார்களில் எல்லோரும் எஞ்சினைப் பார்ப்பார்கள், பின்னால் இருக்கும் டிஃபரன்ஷியல் பழைய எஞ்சினுக்காகச் செய்தது என்பதை மறந்துவிடுவார்கள். டர்போ இல்லாத எஞ்சினுக்கு 4.08 வேண்டியிருந்தது. உங்கள் முறுக்குக்கு 3.69 போட்டால் முதல் கியர் 67 கிமீ வரை போகும், இரண்டாவது 118 வரை. டயர் மீது விழும் அடி பத்து சதவீதம் குறையும், டர்போவுக்கும் ஒவ்வொரு கியரிலும் சுமையோடு இருக்க நேரம் கிடைக்கும். இது டயருக்குப் பிறகு செய்ய வேண்டியது, அவசரமில்லை.

லாஞ்சுக்கு வருவோம். ரோட்டு டயரில் இருக்கும் வரை டூ-ஸ்டெப்பை (கோட்டில் நிற்கும்போது ஆர்பிஎம்மை ஓர் எல்லையில் பிடித்து வைக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். 2,500–3,000 ஆர்பிஎம்மில், பூஸ்ட் இல்லாமல், கிளட்சைக் கொஞ்சம் வழுக்கவிட்டு எடுங்கள். வண்டி நகர்ந்த பிறகு காலை மெல்ல அழுத்துங்கள். டிராக் ரேடியல் வந்ததும் டூ-ஸ்டெப்பை 4,000 பக்கம் வைத்து, கோட்டில் நிற்கும்போது 0.3 முதல் 0.5 பார் வரை பூஸ்ட் கட்டச் சொல்லுங்கள். முதல் கியருக்கு 80 சதவீத முறுக்கு என்று பார்த்தோமே, அது ஏறத்தாழ 0.6 பாருக்குச் சமம். ஈசியூவில் (எஞ்சினை இயக்கும் கணினி) கியர்வாரியாகப் பூஸ்ட் வைக்கும் வசதி இருந்தால் முதல் கியருக்கு 0.6, இரண்டாவதுக்கு 0.9, மூன்றாவதிலிருந்து முழு 1 பார் என்று தொடங்குங்கள். வேஸ்ட்கேட் (பூஸ்ட் மிஞ்சாமல் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங்கின் அளவுக்குக் கீழே எந்தக் கன்ட்ரோலரும் பூஸ்டைக் குறைக்க முடியாது. உங்கள் ஸ்பிரிங் 0.8 பாராக இருந்தால் முதலில் 0.5 ஸ்பிரிங்குக்கு மாற்ற வேண்டும்.

எஞ்சின் மாற்றிய வண்டிகளுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. கியர்வாரியாகப் பூஸ்ட் கொடுக்க ஈசியூவுக்கு வேகம் சரியாகத் தெரிய வேண்டும். ஸ்வாப்பின்போது (எஞ்சின் மாற்றும்போது) வேக சென்சாரை இணைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது இணைத்தும் அளவுதிருத்தம் செய்திருக்க மாட்டார்கள். அப்போது ஈசியூ கியரைத் தப்பாக ஊகித்து இரண்டாவதில் முழு பூஸ்டைத் திறந்துவிடும். ஈசியூ பதிவு செய்யும் லாகில் வேகத்தையும் ஆர்பிஎம்மையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கியர் மாற்றத்துக்கும் அதே லாகைத் திறங்கள். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும் இடத்தில் பூஸ்ட் கோடு பூஜ்யத்துக்கு விழுந்து திரும்ப 1 பாருக்கு ஏற எவ்வளவு நேரம் எடுக்கிறது? அரை வினாடிக்கு மேல் என்றால் அந்த 0.64-இல் பெரும்பங்கு அங்கேதான் கிடக்கிறது. காலை எடுக்காமல் மாற்றும் வசதியை, அதாவது கிளட்ச் சுவிட்ச் அழுந்தியதும் ஈசியூ பற்றவைப்பை வெட்டுவதை, அமைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸிலரேட்டர் திறந்தே இருக்கும், டர்போ சுற்றிக்கொண்டே இருக்கும், ஆர்பிஎம் எகிறாது. சிங்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒத்திசைக்கும் வளையம்) மீது சுமை கூடும் என்பது உண்மை. அதனால் கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்பதை முதலில் சரிபாருங்கள். பாதி விடுபடும் கிளட்சோடு இப்படி மாற்றினால் கியர்பெட்டி சீக்கிரம் போய்விடும். இரும்பு பக் வகைக் கிளட்ச் (முழு வட்டத்துக்குப் பதில் தனித்தனித் துண்டுகள் கொண்டது) போட்டிருந்தால் அது ஸ்விட்ச் போட்டதுபோல் பிடிக்கும், ரோட்டு டயரோடு அதைச் சேர்ப்பது கஷ்டம்.

வெப்பத்தை மறக்கக் கூடாது. வெளிக்காற்று 30 டிகிரி, பூஸ்ட் 1 பார், கம்ப்ரசர் திறன் 70 சதவீதம் என்றால் கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் காற்று ஏறத்தாழ 125 டிகிரி. இன்டர்கூலர் அதை 50 பக்கம் கொண்டுவர வேண்டும். வரிசையில் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றால் இன்டர்கூலரே சூடாகிவிடும். இன்டேக் வெப்பம் பத்து டிகிரி கூடினால் காற்றின் அடர்த்தி மூன்று சதவீதம் குறையும். அது போதாதென்று நாக் (கலவை தானாக வெடிப்பது) வராமலிருக்க ஈசியூ பற்றவைப்பு டைமிங்கையும் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். வண்டியைத் தள்ளிக்கொண்டு நகருங்கள், பானெட்டைத் திறந்து வையுங்கள், ஃபேனை ஓடவிடுங்கள்.

எரிபொருள் பக்கமும் ஒருமுறை பாருங்கள். எஸ்ஆர்20டிஇடியோடு வந்த இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 370 சிசி. 320 குதிரைத்திறனுக்கு 85 சதவீத டியூட்டியில் (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரப் பங்கு) ஏறத்தாழ 600 சிசி வேண்டும். டர்போவை மாற்றியவர் இன்ஜெக்டரையும் மாற்றினாரா என்று உறுதி செய்யுங்கள். மூன்றாவது, நான்காவது கியரின் உச்சியில் லாம்ப்டா (காற்றும் எரிபொருளும் கலக்கும் விகிதத்தின் அளவு) 0.80 பக்கம் நிற்கிறதா, எரிபொருள் அழுத்தம் பூஸ்டோடு சேர்ந்து ஏறுகிறதா என்று பாருங்கள். டேங்க்கில் கால் பாகத்துக்குக் கீழே வைத்துக் கிளம்பாதீர்கள். கிளம்பும் வேகத்தில் பெட்ரோல் பின்னால் ஓடிவிட்டால் பம்ப் காற்றை இழுக்கும், அந்த ஒரு நொடி கலவை மெலிந்தால் பிஸ்டனுக்கு ஆபத்து. சம்ப் (எஞ்சினின் அடித்தொட்டி) எண்ணெயும் அதேபோலத்தான் பின்னால் ஓடும். எஸ்13 சில்வியாவில் நிசானே இந்த எஞ்சினை வைத்து விற்றதால் உங்களுக்கு அந்தப் பயம் குறைவு. வேறு எஞ்சின் ஏற்றி, குறுக்குச் சட்டத்துக்கு இடம்விட சம்ப்பை வெட்டி ஒட்டியவர்கள் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டாயம் லாக் செய்ய வேண்டும்.

எடை குறைப்பதைக் கடைசியில் வையுங்கள். உங்கள் வண்டியில் 45 கிலோ குறைத்தால் ஏறத்தாழ 0.14 வினாடி. ஸ்பேர் வீலையும் பின்சீட்டையும் கழற்றுவது எளிது, செய்யுங்கள். கார்பன் பானெட்டுக்குக் காசு கொடுக்க இது நேரமில்லை.

கோட்டில் நிற்பதில் ஒரு நுணுக்கம். பச்சை விளக்கு வந்த பின் நீங்கள் தாமதித்த நேரம் 13.62-இல் சேராது. முன்சக்கரம் புறப்படும் கோட்டில் உள்ள ஸ்டேஜ் ஒளிக்கற்றையை விட்டு விலகும்போதுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆகவே சோதனை நாளில் விளக்கோடு போட்டி போடாதீர்கள், கிளட்சில் கவனம் வையுங்கள். கோட்டை நெருங்கும்போது வரிசையாக எரியும் இரு விளக்கில் இரண்டாவது எரிந்த அந்த நொடியே நின்றுவிட்டால், கடிகாரம் ஓடுமுன் சில அங்குலம் உருள இடம் கிடைக்கும், அது 60 அடி நேரத்திலேயே தெரியும். ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் நில்லுங்கள், இல்லாவிட்டால் டயர் அழுத்தம் மாற்றியதால் வந்த வித்தியாசமா, நின்ற இடத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஸ்லிப்பின் பின்பக்கத்தில் அழுத்தம், லாஞ்ச் ஆர்பிஎம், வெளிவெப்பம் மூன்றையும் எழுதுங்கள்.

எதை எதிர்பார்க்கலாம் என்றால், 60 அடியில் குறையும் ஒவ்வொரு 0.1-க்கும் முடிவில் பொதுவாக 0.15 முதல் 0.2 வரை குறையும். ரோட்டு டயரிலேயே பூஸ்ட் இல்லாத லாஞ்சும் கேம்பர் திருத்தமும் 60 அடியை 2.1 பக்கம் கொண்டுவரலாம். கியர் மாற்றம் சரியானால் 13-க்குக் கீழே போவீர்கள். டிராக் ரேடியலில் 60 அடி 1.8 வந்து, டிராப் 112-லேயே நின்று, நேரம் 12.4-ஐ ஒட்டிய பிறகு பூஸ்டைப் பற்றிப் பேசுவோம். அப்போதும் புது டர்போவுக்கு முன் பெட்ரோலையும் டைமிங்கையும் பார்ப்பேன்.

அடுத்த முறை போகும்முன் பாதையின் தொழில்நுட்பச் சோதனை விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்எச்ஆர்ஏ (அமெரிக்க இழுவைப் பந்தய அமைப்பு) விதியைப் பின்பற்றும் பாதை என்றால் 13.99-க்குள் ஓடும் வண்டிக்கு ஹெல்மெட் கட்டாயம், ஆக, இப்போதே உங்களுக்கு அது பொருந்தும். ஸ்லிக் டயர் (பள்ளமே இல்லாத பந்தய டயர்) மாட்டினால் அதே எல்லையிலேயே புரொபெல்லர் ஷாஃப்டுக்கு வளையம் கேட்பார்கள். ஸ்வாப்புக்காக ஷாஃப்ட்டை வெட்டி நீளம் மாற்றியிருந்தால், விதி கேட்காவிட்டாலும் அந்த வளையத்தைப் போட்டுவிடுங்கள். பேட்டரியை டிக்கிக்கு மாற்றியிருந்தால் வண்டியின் பின்புறத்தில் வெளியிலிருந்து அணைக்கும் சுவிட்ச் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்ச் சட்டம்) 11.49-இலிருந்து கட்டாயம்.